துணிக்கு மேலே இருக்கும் ஈரம்

மலேசியாவின் கேமரன் மலையில் இருக்கும் கோலா தெர்லாவில் விடிகாலையில் பழைய லேண்ட்ரோவர் ஒன்றின் கதவைத் திறந்து உட்கார்ந்தால், இன்ஜின் உறுமுவதற்கு முன்பே பின்கழுத்தில் ஒரு சொட்டு விழும். இரவு மழை பெய்திருக்க வேண்டியதில்லை. கூரையில் ஓட்டை இருக்க வேண்டியதும் இல்லை. முந்தின நாள் ஏற்றி இறக்கிய முட்டைகோசுக் கூடைகளின் ஈரம், உடன் வந்தவர்களின் மூச்சு, பின்னால் சுருட்டிப் போட்ட மழைச்சட்டை எல்லாம் சேர்ந்து இரவு முழுக்க வண்டிக்குள்ளேயே கிடக்கும். விடியலில் அலுமினியத் தகடு குளிர்ந்ததும் அதன் உள்முகத்தில் முத்து முத்தாகக் கோத்துக்கொண்டு நிற்கும். கதவை ஓங்கிச் சாத்தினால் உதிரும்.

இந்தச் சொட்டுக்கு மருந்தாகத்தான் பலர் குஷன் கடைக்குப் போய் 'சீலிங்' போடச் சொல்கிறார்கள். கூரைத் தகட்டின் உள்பக்கத்தை மூடும் துணி அல்லது வினைல் உறைதான் சீலிங். அந்தந்த வண்டிக்கு அளவெடுத்து, வெட்டி, தைத்து மாட்டும் கைவேலை அது. பழைய காடி வைத்திருப்பவர்கள் மத்தியில் இந்த வேலைக்குத் தனி மதிப்பு உண்டு. ஒரு சுருக்கம்கூட இல்லாமல் மத்தளத் தோல் போல விறைப்பாக நிற்கும் சீலிங்கைப் பார்த்தால் தைத்தவரின் கைராசியைப் பேசாதவர் இல்லை.

அந்தப் பாராட்டில்தான் எனக்கு ஒரு தயக்கம். சுருக்கம் கண்ணுக்குத் தெரிகிற குறை. ஈரம் கண்ணுக்குத் தெரியாத குறை. நம் ஊர்ச் சீலிங் வேலை முதலாவதை ஒழிப்பதில் காட்டும் கெட்டிக்காரத்தனத்தை இரண்டாவதை ஒழிப்பதில் காட்டுவதில்லை. சில வேளைகளில் முதலாவதை ஒழிக்கும் முறையே இரண்டாவதை வளர்த்துவிடுகிறது. இந்தக் கைவேலையின் நிறையையும் குறையையும் இந்த மலையின் கணக்கில் வைத்து எடைபோட்டுப் பார்ப்போம்.

கூரைக்குள் ஒரு கூரை

திரிங்காப்புக்கும் கம்போங் ராஜாவுக்கும் நடுவில் இருக்கிறது கோலா தெர்லா. மலாய் மொழியில் கோலா என்றால் ஆறு கலக்கும் இடம். ஊரின் பெயரிலேயே தண்ணீர் இருக்கிறது. கேமரன் மலையில் ஆண்டுக்கு இரண்டரை மீட்டருக்குக் குறையாமல் மழை கொட்டும். பகலில் வெயில் அடித்தாலும் 25 டிகிரியைத் தாண்டுவது அரிது. இரவில் 15, 16 டிகிரிக்கு இறங்கிவிடும். மழை இல்லாத நாளிலும் மூடுபனி வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இந்த மலைக்கும் லேண்ட்ரோவருக்கும் உள்ள உறவைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1948இல் வெளிவந்த அந்த வண்டியின் உடலை அலுமினியக் கலவையில் செய்ததற்கு ஒரு காரணம், போருக்குப் பிந்தைய பிரிட்டனில் எஃகுக்கு இருந்த தட்டுப்பாடு. அந்தத் தட்டுப்பாடு மழை நாட்டுக்காரர்களுக்கு அதிர்ஷ்டமாகிவிட்டது, ஏனென்றால் அலுமினியம் எஃகைப் போலத் துருப்பிடித்து உதிராது. முதல் சீரிஸ், 1958இன் இரண்டாம் சீரிஸ், 1971இன் மூன்றாம் சீரிஸ் என்று வந்த வண்டிகளில் எத்தனையோ இன்றும் இங்கே காய்கறித் தோட்டங்களின் சேற்றுப் பாதைகளில் ஏறி இறங்குகின்றன. பிரிஞ்சாங் மலையின் பாசிக் காட்டுக்குச் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிப் போவதும் அவைதான். உழைக்கிற வண்டி, காட்சிக்கான வண்டி என்ற இரண்டு வேடத்தையும் ஒரே ஊரில் போடுகிற பழைய வாகனம் வேறு எங்கும் இத்தனை இருக்குமா என்பது சந்தேகம்.

இந்த வண்டிகளில் ஸ்டேஷன் வேகன் வகைக்குத் தொழிற்சாலையிலேயே உள்கூரை போட்டு அனுப்பினார்கள். சரக்கு ஏற்றும் வகைக்கு வெறும் தகடு. இந்த வேறுபாட்டைத் தோட்டத்தில் வளர்ந்தவர்கள் வேறோர் இடத்திலும் பார்த்திருப்பார்கள். துரை பங்களாவுக்கு ஓட்டுக்குக் கீழே பலகை அடித்த சீலிங் இருந்தது. தொழிலாளர் லயத்துக்குத் தகரம் மட்டும். விடியலில் தகரத்தின் உள்பக்கத்தில் கோத்து நின்ற நீர் பாயில் படுத்திருந்தவர் முகத்தில் சொட்டியதும், லேண்ட்ரோவரில் இன்று கழுத்தில் சொட்டுவதும் ஒரே விஷயம்தான். கூரைக்கு அடியில் இன்னொரு கூரை என்பது அன்று அந்தஸ்து. தன் சரக்கு வண்டிக்கு இன்று சீலிங் போடும் காய்கறித் தோட்டக்காரரின் ஆசையில் அந்த நினைவின் ஒரு நூலாவது ஓடாமல் இருக்காது. அந்த ஆசையை நான் குறைத்துப் பேச மாட்டேன்.

ஆனால் அதே வண்டியை வடிவமைத்தவர்கள் வெப்ப நாடுகளுக்கென்று இன்னொரு வழியையும் வைத்திருந்தார்கள். கூரைத் தகட்டுக்கு மேலே சிறு இடைவெளி விட்டு இரண்டாவது தகடு ஒன்றைப் பொருத்தினார்கள். வெயில் மேல் தகட்டைச் சுடும். நடுவில் காற்று ஓடும். கீழ்த் தகடு குளிர்ச்சியாக இருக்கும். கூரையிலேயே திறந்து மூடும் காற்றுப் போக்கிகளும் வைத்தார்கள். வெப்பத்தை அவர்கள் காற்றைக் கொண்டு சமாளித்தார்கள். இந்தப் பாடத்தை நம் சீலிங் வேலை மறந்துவிட்டதா என்பது கீழே வரப்போகும் கேள்வி.

தொங்குவதும் ஒட்டுவதும்

சீலிங்கில் அடிப்படையாக இரண்டு முறைகள் உண்டு. இவற்றைப் பிரித்துப் பார்க்காமல் எந்த மதிப்பீடும் நிற்காது.

முதல் முறை தொங்கும் சீலிங். 1948 முதல் 1970களின் தொடக்கம் வரை வந்த மொரிஸ் மைனர், அதே காலத்து வோக்ஸ்வேகன் பீட்டில் போன்ற கார்களில் இதுதான். கூரையின் இரு விளிம்புகளுக்கும் இடையே வில் போல வளைந்த கம்பிகள் குறுக்கே நிற்கும். துணியின் மேல்பக்கத்தில் குழல் மாதிரி நாடா தைத்து அந்தக் கம்பிகளைக் கோத்துவிடுவார்கள். துணி கூரையைத் தொடாது. கம்பிகளில் தொங்கி, நான்கு ஓரமும் இழுத்துப் பொருத்தப்பட்டிருக்கும்.

இதைப் புதிதாகத் தைப்பது பொறுமையின் வேலை. பழைய துணியைக் கழற்றும்போதே கம்பிகளுக்கு முன்னிருந்து பின்னாக எண் போட்டுக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு கம்பியின் நீளமும் வளைவும் வேறு. மாறிப்போனால் எத்தனை இழுத்தாலும் துணி கோணும். பழைய துணியைத் தையல் பிரித்து, விரித்து, அதை மாதிரியாக வைத்துப் புதியதை வெட்ட வேண்டும். ஓரங்களில் நான்கு விரல் அளவுக்கு மிச்சம் விட வேண்டும். கூரையிலும் துணியிலும் நடுக்கோடு ஒன்றைச் சாக்குக்கட்டியால் போட்டு இரண்டையும் பொருத்த வேண்டும். மாட்டும்போது முன்னும் பின்னும் முதலில் இழுத்து, பக்கவாட்டை அதற்குப் பிறகுதான் தொட வேண்டும். கதவுத் தூண் வளைகிற இடங்களில் சிறு சிறு வெட்டுகள் கொடுத்துத் துணியைத் திருப்ப வேண்டும். ஒரு வெட்டு அரை அங்குலம் நீண்டுவிட்டால் அவ்வளவு வேலையும் வீண். கடைசியில் ஓரத்தைப் பீடிங் என்னும் விளிம்புப் பட்டை மூடும்.

இரண்டாவது முறை ஒட்டும் சீலிங். மெல்லிய ஸ்பஞ்சு முதுகோடு வரும் துணியை, அச்சில் வார்த்த அட்டைப் பலகை ஒன்றில் கம் தடவி ஒட்டி, பலகையோடு கூரையில் மாட்டுவார்கள். 1970களுக்குப் பிறகு கார் உலகம் பெரும்பாலும் இந்தப் பக்கம் சாய்ந்தது. தொழிற்சாலைக்கு இது வேகம், மலிவு. குஷன் கடைக்கும் அப்படியே. தொங்கும் முறைக்கு இரண்டு மூன்று நாள் ஆகிற இடத்தில் ஒட்டும் முறைக்கு ஒரு நாள் போதும்.

லேண்ட்ரோவருக்குச் சீலிங் கேட்டு வருபவரிடம் பெரும்பாலும் மூன்றாவதாக ஒரு குறுக்குவழி நடக்கிறது. பலகையும் இல்லை, கம்பியும் இல்லை. கூரைத் தகட்டிலேயே கம் தடவி, ஸ்பஞ்சு முதுகுத் துணியையோ தரைவிரிப்புத் துணியையோ நேராக ஒட்டிவிடுவது. என் விமர்சனத்தின் கனம் முழுவதும் இந்தக் குறுக்குவழியின் மேல்தான்.

கைவேலையின் நிறை

முதலில் நிறையைச் சொல்லிவிடுவோம், ஏனென்றால் அது உண்மையானது.

வெளிநாட்டிலிருந்து அளவாக வெட்டித் தைத்து வரும் ஆயத்தச் சீலிங் கிடைக்கிறது. மொரிஸ் மைனருக்கும் லேண்ட்ரோவருக்கும் பிரிட்டனில் அதற்கென்றே விற்பனையாளர்கள் உண்டு. ஆனால் அந்த அளவு எந்தக் காரின் அளவு? தொழிற்சாலையை விட்டு அன்று வெளியே வந்த காரின் அளவு. ஐம்பது வருடம் மலையில் ஓடிய வண்டி அந்த அளவில் இருப்பதில்லை. எங்கோ ஒருமுறை கவிழ்ந்திருக்கும். கூரையைத் தட்டி நிமிர்த்தியிருப்பார்கள். மூங்கில் கட்டையும் கூடையும் ஏற்றி ஏற்றி மேல்விளிம்பு நெளிந்திருக்கும். ஒரு லேண்ட்ரோவருக்கு மூன்று லேண்ட்ரோவரின் பாகம் போட்டு ஓட்டுவது இங்கே சாதாரணம். அப்படிப்பட்ட உடலுக்கு அந்த உடலையே அளந்து தைப்பதுதான் பொருந்தும். இந்த இடத்தில் உள்ளூர்த் தையற்காரரின் கை, கப்பலில் வரும் அச்சுக்குப் பல படி மேல்.

இரண்டாவது, பொருளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை. பழைய கார்களின் கம்பளித் துணி இந்த ஈரத்தில் நாறிவிடும். பருத்தி நூல் இற்றுவிடும். தையற்காரர் வினைலைத் தேர்ந்தெடுக்கலாம், பாலியஸ்டர் நூல் போடலாம். ஊருக்கு ஏற்ற மாற்றத்தை அந்த ஊரில் இருப்பவர்தான் செய்ய முடியும். இலங்கையைப் பாருங்கள். மொரிஸ் மைனர் பிறந்த நாட்டில் அதன் உற்பத்தி நின்ற பிறகு, இலங்கையில் உதிரிப் பாகங்கள் செய்து பிரிட்டனுக்கே அனுப்பியிருக்கிறார்கள். பழைய வண்டியின் ஆயுள் அதைச் செய்த நிறுவனத்தின் கையில் மட்டும் இல்லை. அதைப் பழுதுபார்க்கத் தெரிந்த ஊர்களின் கையிலும் இருக்கிறது.

மூன்றாவது, நல்ல சீலிங் உண்மையிலேயே வேலை செய்கிறது. வெறும் தகட்டில் மழை விழுந்தால் பக்கத்தில் இருப்பவரோடு பேச முடியாது. சீலிங் அந்த ஓசையை விழுங்குகிறது. பகல் வெயிலின் சூட்டைத் தணிக்கிறது. தலை இடிக்கும் இடத்தில் மெத்தென்று இருக்கிறது. காலையில் சொட்டு விழுவதையும் நிறுத்துகிறது. கவனியுங்கள், சொட்டு விழுவதை நிறுத்துகிறது என்றுதான் சொன்னேன். சொட்டு உருவாவதை அது நிறுத்துவதில்லை. குறைகளின் பட்டியல் இந்த இடத்தில் தொடங்குகிறது.

மூடுபனியில் காயாத கம்

ஒட்டும் முறையின் உயிர் கம்மில் இருக்கிறது. கடைகளில் பயன்படும் மஞ்சள் கம்மை இரு பக்கமும் தடவி, அதிலுள்ள கரைப்பான் ஆவியாகிப் பிசுக்கு மட்டும் மிஞ்சும்வரை காத்திருந்து, பிறகு அழுத்தி ஒட்ட வேண்டும். கரைப்பான் ஆவியாகும்போது பரப்பைக் குளிரவைக்கும். பெட்ரோல் கையில் பட்டால் சில்லென்று இருப்பது போலத்தான். சமவெளியில் இதனால் தொல்லை இல்லை. ஈப்போவில் வெயில் நேரத்தில் 32 டிகிரி வெப்பமும் 65 விழுக்காடு ஈரப்பதமும் இருப்பதாக வைத்துக்கொண்டால், ஒரு பரப்பு ஏறக்குறைய 25 டிகிரிக்குக் குளிர்ந்தால்தான் அதில் பனி படியும். ஏழு டிகிரி இடம் இருக்கிறது.

கோலா தெர்லாவில் 20 டிகிரி வெப்பமும் 90 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள ஒரு மாலையை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே 18 டிகிரிக்குக் குளிர்ந்தாலே போதும், கம்மின் மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் உட்கார்ந்துவிடும். இடைவெளி இரண்டு டிகிரிதான். அதைக் கரைப்பானின் குளிர்ச்சி எளிதாகத் தாண்டிவிடும். கம் காய்ந்தது போலத் தெரியும், தொட்டால் பிசுபிசுக்கும். ஆனால் ஒட்டுவது கம்மும் கம்மும் அல்ல. நடுவில் தண்ணீர். வேலை முடிந்த அன்று எல்லாம் பளபளப்பாக இருக்கும். சில மாதம் கழித்து நடுக்கூரையில் வயிறு தள்ளும். கைப்பக்குவம் போதவில்லை என்று தையற்காரரைத் திட்டுவார்கள். கை சரியாகத்தான் இருந்தது, பருவம்தான் பிசகியது. வெயில் விழுந்த முற்பகலில், அல்லது விளக்குச் சூட்டில் தகட்டையும் துணியையும் இளஞ்சூடாக்கிக்கொண்டு ஒட்டியிருந்தால் நின்றிருக்கும். சமவெளியில் கற்ற பழக்கத்தை மலையில் அப்படியே செய்வதுதான் குறை.

சரி, கம் நன்றாகவே பிடித்தது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த பலவீனம் ஸ்பஞ்சு. பாலியூரித்தேன் ஸ்பஞ்சில் ஒரு வகை, ஈரத்தால் மெல்ல மெல்ல அறுந்து பொடியாகும். வெப்பமும் சேர்ந்தால் இன்னும் வேகம். காலையில் மலைப் பனியில் நின்று, பகலில் சிம்பாங் பூலாய் வழியே சமவெளி வெயிலுக்கு இறங்கி, இரவில் மறுபடி ஏறிவரும் வண்டிக்கு இரண்டும் உண்டு. துணி நன்றாக இருக்கும், கம்மும் நன்றாக இருக்கும், நடுவில் இருக்கும் ஸ்பஞ்சு மட்டும் காவி நிறப் பொடியாகி உதிரும். தலைமுடியில் அந்தப் பொடி விழுந்ததும்தான் உரிமையாளருக்குச் சேதி தெரியும்.

மறைப்பதன் விலை

இதுவரை சொன்னவை சீலிங் கெட்டுப்போகிற குறைகள். சீலிங் நன்றாக இருக்கும்போதே நடக்கிற குறைதான் பெரியது.

துணி மூச்சு விடும். வண்டிக்குள் இருக்கும் நீராவி அதன் வழியே மேலே போகும். மேலே குளிர்ந்த தகடு காத்திருக்கிறது. அங்கே அது நீராகும். முன்பு கழுத்தில் சொட்டிய அதே நீர் இப்போது துணிக்கும் தகட்டுக்கும் நடுவில் நிற்கிறது. அங்கே ஓசைக்காகத் திணித்த நார்ப்பஞ்சு இருந்தால் குடித்துக்கொள்ளும். பிறகு அது காயவே காயாது. பூஞ்சணம் பிடிக்கும். எலி கூடு கட்டும். பழைய காருக்கென்றே ஒரு வாசனை உண்டு என்று சிலர் ரசித்துச் சொல்வதுண்டு. அதில் பாதி கூரைக்குள் அழுகும் பஞ்சின் வாசனை.

மொரிஸ் மைனர் போன்ற எஃகுக் கூரையானால் உள்ளிருந்து துரு தொடங்கும். வெளியே வண்ணம் பொங்கும்போது உள்ளே தகடு தின்னப்பட்டிருக்கும். லேண்ட்ரோவரின் அலுமினியக் கூரை துருப்பிடிக்காது என்று நிம்மதி கொள்ளவும் வழியில்லை. அலுமினியமும் எஃகும் ஈரத்தோடு தொட்டுக்கொண்டிருக்கிற இடத்தில், திருகாணியைச் சுற்றிலும் சட்டத்தின் ஓரத்திலும், அலுமினியம் வெள்ளைப் பொடியாகக் கரையும். காற்றில் உலர்ந்துகொண்டிருந்த அந்த இணைப்பை ஈரத் துணியால் போர்த்திவிட்டால் அரிப்புக்கு நாமே நிழல் கொடுத்ததாகும். வெறும் தகட்டு வண்டியில் கண்ணில் பட்டிருக்கும் கசிவும் வெடிப்பும் சீலிங் போட்ட வண்டியில் வருடக்கணக்கில் ஒளிந்திருக்கும்.

வினைல் இதற்கு மாற்றாகுமா? நீராவியை அது பெரும்பாலும் தடுத்துவிடும். அந்த அளவில் துணியைவிட மேல். ஆனால் ஓரத்திலும் விளக்குத் துளையிலும் நுழையும் ஈரம் திரும்பி வரவும் விடாது. வருடங்கள் போகப் போக அதிலுள்ள மென்மையூட்டி வெளியேறி வினைல் இறுகிச் சுருங்கும். மத்தளம் போல இழுத்துக் கட்டிய வினைல் தையலில் கிழியும். நாம் புகழ்ந்த அதே விறைப்பு அதன் எமனாகிறது. சற்றே தளர்வு விட்டுத் தைத்தது நீண்ட நாள் நிற்கும். ஆனால் அதைப் பார்த்து யாரும் கைராசி என்று சொல்வதில்லை.

அளவெடுப்பிலும் ஒரு சிக்கல் உண்டு. பழைய துணியை மாதிரியாக வைப்பது நல்ல முறைதான். ஆனால் அந்தத் துணி முப்பது நாற்பது வருடம் தொங்கித் தொங்கி நீண்டிருக்கிறது. அதை அப்படியே படியெடுத்தால் தொய்வையும் சேர்த்துப் படியெடுக்கிறோம். அனுபவசாலிகள் தையல் கோடுகளையும் கம்பி இடைவெளிகளையும் வண்டியிலேயே மறுபடி அளந்து, துணி சொல்வதையும் கம்பி சொல்வதையும் ஒத்துப்பார்ப்பார்கள். அவசரக் கடைகளில் இது நடப்பதில்லை.

இன்னொன்றை யாரும் பேசுவதில்லை. நெருப்பு. அமெரிக்காவில் 1972 முதல் நடப்பில் உள்ள பாதுகாப்பு விதி ஒன்றின்படி, வாகன உட்புறத் துணி எரிந்தால் தீ நிமிடத்துக்கு 102 மில்லிமீட்டருக்கு மேல் பரவக்கூடாது. உலகெங்கும் கார்த் தயாரிப்பாளர்கள் இதுபோன்ற அளவுகோல்களை வைத்துத்தான் துணி வாங்குகிறார்கள். அளவெடுத்துத் தைக்கும் கடையில் வாடிக்கையாளர் துணியைத் தடவிப் பார்த்தும் நிறத்தைப் பார்த்தும்தான் தேர்ந்தெடுக்கிறார். வீட்டுத் திரைச்சீலைத் துணியைக் கொண்டுவந்து இதையே போடுங்கள் என்பவரும் உண்டு. பெட்ரோல் குழாயும் வயரிங்கும் அரை நூற்றாண்டு பழையதாக இருக்கிற வண்டியில் தலைக்கு மேல் எரியும் துணியைக் கட்டுவது விளையாட்டல்ல. ஒரு துண்டை வெட்டி வெளியே வைத்துக் கொளுத்திப் பார்ப்பதற்கு ஆய்வுக்கூடம் வேண்டாம்.

நட்சத்திரமும் அசலும்

இந்தக் கைவேலையை இப்போது இரண்டு பக்கமிருந்தும் இழுக்கிறார்கள். ஒரு பக்கம் நாகரிகம். ரோல்ஸ்ராய்ஸ் கார்களில் தோல் கூரையில் நூற்றுக்கணக்கான துளைகள் இட்டு, கண்ணாடி இழைகளால் நட்சத்திர வானம் காட்டுவார்கள். அதன் மலிவுப் பிரதிகள் இன்று சிறிய கார்களின் கூரைகளில்கூட மின்னுகின்றன. நிஜ வானத்தை மேகம் பாதி நாள் மூடியிருக்கும் இந்த மலையில் ஒருவர் அதை விரும்பினால் எனக்குச் சிரிப்பு வரலாம், ஆட்சேபம் இல்லை. ஆனால் ஒவ்வொரு துளையும் ஈரம் மேலே போகும் ஒரு வாசல். ஒவ்வொரு இழையும் நாளை கழற்றும்போது ஒரு முடிச்சு.

மறு பக்கம் அசல் பக்தி. எந்தத் துணி, எந்த நிறம், எந்தத் தையல் என்று பிறந்த நாளின் நிலைக்கே திரும்ப வேண்டும் என்பவர்கள். உலகப் பழைய வாகனச் சங்கங்களின் கூட்டமைப்பான ஃபீவா, முப்பது வயது நிரம்பிய வாகனங்களை வரலாற்று வாகனம் என்கிறது. 2012-13இல் அது ஏற்றுக்கொண்ட தூரின் சாசனம், பழையதை முடிந்தவரை காப்பாற்றுவதையும், செய்யும் மாற்றங்கள் திரும்ப எடுக்கக்கூடியவையாக இருப்பதையும் வலியுறுத்துகிறது. அசல் பக்தர்கள் சாசனத்தின் முதல் பாதியைப் பிடித்துக்கொள்கிறார்கள். எனக்குப் பிடித்தது இரண்டாம் பாதி. காய்கறி ஏற்றும் லேண்ட்ரோவருக்கு 1960களின் அசல் உள்கூரை வேண்டும் என்று கேட்பது வேட்டி கட்டிய உழவரிடம் கோட்டுப் போடச் சொல்வது போல. பிறந்ததிலிருந்தே அதற்கு உள்கூரை இல்லை. ஆனால் இன்று போடுவதை நாளை சேதமில்லாமல் எடுக்க முடிய வேண்டும் என்ற நெறி, கண்காட்சிக் காருக்கும் தோட்டத்து வண்டிக்கும் ஒன்றுபோலப் பொருந்தும்.

எதை வைத்து மதிப்பிடுவது

இப்போது தராசை நிமிர்த்தலாம். வேகத்தில் ஒட்டும் முறை முந்துகிறது. செலவிலும் அதுவே. அழகில், வேலை முடிந்த நாளில், இரண்டும் சமம். ஐந்து வருடம் கழித்து, இந்த மலையில், தொங்கும் முறை முந்துகிறது. அது ஸ்பஞ்சை நம்பவில்லை. கம்மை ஓரங்களில் மட்டுமே நம்புகிறது. துணிக்கும் தகட்டுக்கும் நடுவில் காற்றுக்கு இடம் விடுகிறது. ஓரத்தைப் பிரித்தால் கம்பியோடு இறங்கி வரும், உலர்த்தி மறுபடி ஏற்றலாம். லேண்ட்ரோவரின் இரட்டைக் கூரை எந்தப் பாடத்தைச் சொன்னதோ, ஏறக்குறைய அதே பாடத்தைத்தான் இதுவும் சொல்கிறது.

கம்பிக்கு இடமில்லாத லேண்ட்ரோவர் கூரைக்கு என்ன செய்வது என்ற எதிர்வாதம் நியாயமானது. கூரையின் உயரமும் குறைவு, தட்டையான வடிவமும் வில்லுக்கு ஏற்றதல்ல. அங்கேயும் வழி இருக்கிறது. ஈரம் குடிக்காத மூடிய கண்ணறை ஸ்பஞ்சுத் தகட்டைக் கூரையில் இடைவெளி இல்லாமல் பதித்துவிட்டால் உள்காற்று குளிர்ந்த உலோகத்தைத் தொடுவது நிற்கும். தொடுவது நின்றால் சொட்டு உருவாவதே குறையும். அதற்குக் கீழே வினைல் போர்த்திய மெல்லிய பலகைகளை இரண்டு மூன்று துண்டாகச் செய்து திருகாணியில் மாட்டினால் போதும். ஒரே விரிப்பாக இருக்காது, நடுவில் கோடு தெரியும். அந்தக் கோட்டைக் குறை என்று நினைக்கிறவர்கள் உண்டு. சட்டைக்குப் பித்தான் வரிசை எப்படியோ அப்படித்தான் அதுவும். திறப்பதற்கான இடம்.

இந்த முறைக்கு நேரமும் காசும் கூடுதல் என்பதை மறுக்கவில்லை. விடிகாலை மூன்று மணிக்குக் காய்கறி ஏற்ற வேண்டியவரிடம் வண்டியை மூன்று நாள் கடையில் விடச் சொல்வது எளிதல்ல. அவருக்கு நான் சொல்வது வேறு: அப்படியானால் சீலிங்கே போடாதீர்கள். மோசமாக ஒட்டிய சீலிங்கைவிட வெறும் தகடு யோக்கியமானது. அதில் நீர் தெரியும், வெடிப்பு தெரியும், ஒரு துணியால் துடைத்துவிடலாம். கழுத்தில் சொட்டும் நீர் தொல்லைதான். ஆனால் அது வண்டிக்குள் ஈரம் இருக்கிறது என்று தினமும் நினைவூட்டுகிறது. ஜன்னலைச் சற்று இறக்கி வைக்கச் சொல்கிறது. நனைந்த மழைச்சட்டையை வெளியே தொங்கவிடச் சொல்கிறது.

இந்தக் குறைகளுக்கெல்லாம் குஷன் கடைக்காரரை மட்டும் பொறுப்பாக்குவதும் சரியாகாது. சுருக்கம் இல்லையே என்றுதான் நாம் கையை வைத்துத் தடவிப் பார்க்கிறோம், அதற்குத்தான் காசு கொடுக்கிறோம். நாம் எதைத் தடவிப் பார்க்கிறோமோ அதை அவர் நேர்த்தியாகச் செய்கிறார். நாம் கேட்காததை அவர் செய்யவில்லை.

ஆகவே அடுத்த முறை துணி மாதிரிகளைப் புரட்டும் முன், நிறத்தையும் விலையையும் பேசும் முன், ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: "அண்ணே, மழை முடிஞ்சு ஒருநாள் இதை இறக்கிக் காயப்போடணும்னா எப்படிக் கழட்டுறது?" ஓரத்தைக் காட்டி, பீடிங்கைத் தூக்கி, இந்தத் திருகாணி, இந்தக் கம்பி என்று அவர் விரலால் சொல்லிக்கொண்டே போனால் வண்டியைத் தாராளமாக விட்டுவிட்டு வாருங்கள். "கழட்டவே வேண்டாம் தம்பி, அப்படி ஒட்டிக் கொடுக்கிறேன்" என்று பெருமையாகச் சொன்னால், சாவியை எடுத்துக்கொண்டு அந்தச் சொட்டோடேயே வீடு திரும்பலாம்.